ஒரே இரவில் நான்கு கோழிகள்: வந்தது எது, மீதியை எப்படிக் காப்பது

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு பெட்டை ஏழு குஞ்சுகளோடு திரிந்தது. பத்து நாளில் பகல் நேரத்திலேயே குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து மூன்றாகிவிட்டன. ஓர் இறகுகூட மிச்சமில்லை. அப்புறம் ஒரு காலையில் கூட்டைத் திறந்தால் நான்கு பெட்டைகள் கழுத்தில் ரத்தத்தோடு செத்துக் கிடந்தன. ஒன்றின் தலையைத் தவிர எதையும் தின்னவில்லை. கூடு மரச்சட்டத்தில் அறுகோணக் கண் வலை அடித்தது, மேலே தகரம், கீழே மண்தரை. என்ன விலங்கு, விஷம் வைக்கலாமா, இனி கோழிகளை வெளியே விடவே கூடாதா என்று மூன்று கேள்விகள்.

மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் இன்றிரவைப் பாருங்கள். மீதமிருக்கும் கோழிகளை அந்தக் கூட்டில் அடைக்காதீர்கள். ஒருமுறை இரை கிடைத்த இடத்துக்கு வேட்டை விலங்கு திரும்பி வரும். பெரும்பாலும் அடுத்த ஓரிரு இரவுகளிலேயே, அதே வழியாக வரும். பொருள் போட்டுவைக்கும் அறை, குளியலறை, காற்றுத் துளை உள்ள கனமான மரப்பெட்டி, எதுவானாலும் சரி. தரையில் வைக்கோலோ பழைய காகிதமோ விரித்து இருட்டாக வைத்தால் கோழிகள் சத்தமில்லாமல் தூங்கிவிடும். கூட்டைச் சரிசெய்து முடிக்கும்வரை இப்படியே போகட்டும். கண்ணில் பட்ட ஒரே ஓட்டையை அவசரமாக அடைத்துவிட்டு, தெரியாத இன்னோர் ஓட்டை வழியாக மறுநாளும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எது வந்தது என்ற கேள்வி. உங்களுக்கு வந்தது ஒன்றல்ல, இரண்டு என்றே நினைக்கிறேன். பகலில் குஞ்சைத் தூக்கியது வேறு, இரவில் கூட்டுக்குள் நுழைந்தது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் ஒன்றுக்கு வழி செய்துவிட்டு மற்றதற்குக் கதவைத் திறந்து வைத்தது போலாகிவிடும்.

இரவு வந்ததை முதலில் எடுத்துக்கொள்வோம். கழுத்திலும் பிடரியிலும் பல் தடம், உடம்பு அப்படியே இருக்கிறது, ஒரே இரவில் பல கோழிகள் என்றால் அது ஒல்லியான உடம்புள்ள சிறிய ஊனுண்ணியின் வேலை. மரநாய், கீரி, குளிர்நாடுகளில் கீரியைப் போன்ற வீசல் என்னும் சிறு விலங்கு போன்றவை இப்படித்தான் கொல்லும். கீரி பெரும்பாலும் பகலில் திரிவது. அதனால் நடு இரவில் நடந்தது என்றால் மரநாய் மீதுதான் சந்தேகம் அதிகம் போகும். அது நன்றாக மரமேறும், தகரக் கூரை அதற்கு ஒரு தடையே இல்லை. நாய் என்றால் வலையைக் கிழித்திருக்கும், கோழியின் முதுகும் தொடையும் குதறப்பட்டிருக்கும், இடமெல்லாம் இறகாகக் கிடக்கும். நரி பெரும்பாலும் கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும், நீங்கள் காண்பது எண்ணிக்கைக் குறைவும் வழியில் சில இறகுகளும்தான். பெரிய ஆந்தையும் தலையையும் கழுத்தையும் மட்டும் தின்னும், ஆனால் அது உள்ளே வர மேலே திறப்பு வேண்டும். ரக்கூன் உள்ள நாடுகளில், வலைக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கும் கோழியின் தலையையோ காலையோ கையால் பிடித்து வெளியே இழுத்துத் தின்றிருப்பதைப் பார்க்கலாம்.

ஒன்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, ஏன் நான்கைக் கொல்ல வேண்டும் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்த வேதனை எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் எனக்கு ஒரே இரவில் பதினொன்று போயின. வந்த வழி, கதவின் மேல்சட்டத்துக்கும் கூரைக்கும் இடையில் இரண்டு விரல் அகல இடைவெளி. நானும் அதைக் கொலைவெறி என்றுதான் நினைத்தேன். ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் 1972-இல் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் பிறகு படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. தரையில் கூட்டமாகக் கூடு கட்டியிருந்த கடற்காகங்களைக் கும்மிருட்டான இரவுகளில் நரிகள் தின்ன முடியாத அளவுக்குக் கொன்று போட்டிருந்தன. அந்த இருட்டில் பறவைகள் எழுந்து பறக்கவே இல்லை. வழக்கமாக இரை சிதறி ஓடிவிடும், வேட்டையும் ஒன்றோடு நின்றுவிடும். ஓடாத இரை பக்கத்திலேயே இருந்தால், வயிறு நிறைந்தாலும் பிடிக்கும் உந்துதல் அடங்குவதில்லை.

கோழிக்கூடு சரியாக அப்படி ஓர் இடம். கோழிக்குப் பகல் பார்வை அபாரமானது, இருட்டில் கண் தெரியாது என்றே சொல்லலாம். விளக்கை அணைத்தால் கம்பில் உட்கார்ந்த இடத்திலேயே அசையாமல் இருந்துவிடும். நாம் அவற்றைக் காப்பாற்றத்தான் கூட்டில் அடைக்கிறோம். ஒரு விலங்கு உள்ளே நுழைய வழி இருந்துவிட்டால், அதே கூடு தப்பிக்க வழியில்லாத பொறியாகிவிடுகிறது. பகலில் வெளியே திரியும்போது ஒன்றிரண்டு போகலாம், இரவில் கூடு சரியில்லை என்றால் மொத்தமும் போகும். அதனால் கையில் இருக்கும் நேரம், உழைப்பு, பணம் மூன்றையும் முதலில் இரவுக் கூட்டில் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் கணிப்பு சரிதானா என்று உறுதிப்படுத்த ஓர் எளிய வழி உண்டு. கூட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சலித்த மணலையோ சாம்பலையோ மெல்லியதாகத் தூவி விட்டு, காலையில் மற்றவர் நடமாடுவதற்கு முன் போய்ப் பாருங்கள். நாய், நரித் தடத்தில் நான்கு விரலும் நகக் குறியும் தெரியும். பூனைக்கு நான்கு விரல், நகம் உள்ளிழுத்திருக்கும் என்பதால் குறி விழாது. மரநாய், கீரித் தடத்தில் ஐந்து விரல் பதியும். பாம்பு என்றால் விரலே இல்லாத ஒரு கோடு. இரவில் படம் எடுக்கும் கேமரா இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டாலும் சாம்பல் போதும்.

இனி பகல் திருடன். குஞ்சு தடயமே இல்லாமல் மறைந்தால் சந்தேகப் பட்டியல் நீளமானது: காகம், பருந்து, வல்லூறு, பூனை, கீரி, பாம்பு, பெருச்சாளி. ஒரு கையளவு குஞ்சை இவை எல்லாமே அப்படியே கொண்டுபோகும் அல்லது விழுங்கிவிடும். எந்த நேரத்தில் குறைகிறது என்பதுதான் முக்கியத் துப்பு. காலையில், நண்பகலில், மாலையில் என்று மூன்று முறை எண்ணுங்கள். திறந்தவெளியில் மேயும் நேரத்தில் குறைந்தால் பெரும்பாலும் வானத்திலிருந்து வருவது. புதர் ஓரத்தில் குறைந்தால் பூனையோ கீரியோ. அடைத்து வைத்திருக்கும்போதே குறைந்தால் பாம்பு அல்லது பெருச்சாளி. செத்த குஞ்சின் தலையும் தோளும் மட்டும் எச்சிலில் நனைந்து ஒட்டிக் கிடந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறது என்று பொருள். காலில் கடிபட்ட குஞ்சு, பொந்துப் பக்கமாக இழுத்த தடம் என்றால் பெருச்சாளி.

பெரிய கோழியைப் பருந்து இனம் அடித்திருந்தால் அடையாளம் தெளிவாக இருக்கும். ஓரிடத்தில் வட்டமாகப் பிடுங்கிப் போட்ட இறகுகள், நடுவில் நெஞ்சுக்கறி தின்ற உடல். இறகுகளை எடுத்து அடித்தண்டைப் பாருங்கள். பறவை பிடுங்கியது முழுசாக இருக்கும், விலங்கு கடித்தது நசுங்கியோ முறிந்தோ இருக்கும். ஆனால் ஒரு பருந்து பிணத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக அதுதான் கொன்றது என்று முடிவு கட்டாதீர்கள். ஏற்கெனவே செத்ததைத் தின்னவும் பருந்து வரும்.

சரி, கூட்டுக்கு வருவோம். உங்கள் கூட்டின் முதல் குறை அந்த அறுகோணக் கண் வலை. கோழிவலை என்றே அதற்குப் பெயர் இருப்பதால் எல்லோரும் அதையே அடிக்கிறார்கள். கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும், வேறொன்று உள்ளே வராமல் தடுக்க அது செய்யப்படவில்லை. மெல்லிய கம்பி, முறுக்கித்தான் விட்டிருக்கும், நாய் இழுத்தால் பிரியும், இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து விரலால் தொட்டாலே உதிரும். அதன் கண் வழியாகச் சின்னப் பாம்பும் எலியும் சாதாரணமாக வந்துபோகும். வாங்க வேண்டியது சதுரக் கண் உள்ள, கம்பிகள் சந்திக்கும் இடமெல்லாம் பற்றவைத்த, துத்தநாகப் பூச்சுள்ள வலை. வெல்டு மெஷ் என்று கேளுங்கள். கண் அளவு அரை அங்குலம், அதாவது 12 அல்லது 13 மி.மீ. இது வளர்ந்த எலியையும் கோழியைக் கொல்லும் எல்லா விலங்கையும் நிறுத்தும். சுண்டெலிக்கு மட்டும் 6 மி.மீ. இடைவெளியே போதும், அதை வலையால் தடுப்பது கடினம்.

பணம் கையைக் கடித்தால் முழுக் கூட்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரையும், கூரை சேரும் விளிம்பிலும் நல்ல வலையை முதலில் அடியுங்கள். பழைய கோழிவலை உள்பக்கம் இருந்தால் இருக்கட்டும். வலையைச் சட்டத்தில் வெறும் ஸ்டேப்பிள் ஊசியால் அடித்து விடாதீர்கள், ஒரு நாய் பாதத்தை வைத்து இழுத்தால் வரிசையாகக் கழன்று வரும். திருகாணியும் வாஷரும் போட்டு, அல்லது மேலே ஒரு மரப்பட்டியை வைத்து நெருக்கமாக முடுக்குங்கள்.

அடுத்தது தரை. மண்தரையை நாயும் நரியும் பெருச்சாளியும் தோண்டும். சிமெண்ட் தரை போட முடிந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்தது, மேலே உமியோ மரத்தூளோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினால் கோழிக்கும் சுகம். முடியாதென்றால் வலையைச் சுவர் அடியிலிருந்து வெளிப்பக்கமாகத் தரையோடு தரையாக ஒன்றரை முதல் இரண்டடிக்கு விரித்து, கற்களோ முளைகளோ வைத்து அழுத்தி, மேலே மண்ணைத் தள்ளிவிடுங்கள். தோண்ட வரும் விலங்கு சுவர் ஓரத்தில்தான் தோண்டும். இரண்டடி தள்ளி நின்று சுரங்கம் போடும் யோசனை அதற்கு வராது, கால் பட்ட இடத்திலெல்லாம் கம்பி இருந்தால் விட்டுவிடும். செங்குத்தாகப் புதைப்பதைவிட இது எளிது, நன்றாகவும் வேலை செய்கிறது.

கூரையில்தான் உங்கள் வீட்டு மரநாய் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தகரத்தின் அலைமேடுகளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளிகளைப் பாருங்கள். ஓர் ஆள் பகலில் கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கட்டும். எங்கெல்லாம் வெளிச்சம் கீற்றாக வருகிறதோ அங்கெல்லாம் சாக்கட்டியால் குறி வையுங்கள். உங்கள் இரண்டு விரல் சேர்ந்து நுழையும் எந்த இடமும் ஆபத்தான இடம். ஆனால் எல்லாவற்றையும் பலகையால் அடைத்துவிடாதீர்கள். கோழியின் எச்சத்திலிருந்து அம்மோனியா எழும், மூச்சில் ஈரம் வரும், காற்றோட்டம் இல்லாத கூட்டில் சளி நோய் ஓயாது. இடைவெளி இருக்கட்டும், அதன் மேல் வலை இருக்கட்டும். காற்றுத் திறப்பு, உட்காரும் கோழிகளின் தலைக்கு மேலே இருந்தால் நேரடிக் காற்றும் அடிக்காது.

கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது. தூக்கினால் திறக்கும் கொக்கியை மூக்கால் நெம்பித் திறக்கும் விலங்குகள் உண்டு. தள்ளுதாழ்ப்பாள் போட்டு, அதன் மேல் ஒரு வளையத்தையோ பூட்டையோ மாட்டிவிடுங்கள், இரண்டு வேலை செய்தால்தான் திறக்கும்படி. முட்டை எடுக்கும் சின்னக் கதவுக்கும் இதே கவனம் வேண்டும், பலர் மறப்பது அதைத்தான். பொழுது சாய்ந்தால் தானே மூடும் தானியங்கிக் கதவுகள் இப்போது கிடைக்கின்றன, வீட்டில் ஆள் இல்லாத நாட்களுக்கு நல்லது. ஆனால் நேரம் தவறி வரும் ஒரு கோழி வெளியே மாட்டிக்கொள்ளும், அதனால் முடிந்த நாட்களில் போய் எண்ணிப் பாருங்கள். உட்காரும் கம்பு வலையிலிருந்து குறைந்தது ஓரடி தள்ளி இருக்கட்டும். ஒரு கோழிக்கு எட்டு முதல் பத்து அங்குலம் இடம் கணக்கிட்டால் நெரிசல் இருக்காது. முட்டைப் பெட்டியைவிடக் கம்பு உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே தூங்கி அசிங்கப்படுத்தும்.

மரத்தில் ஏறித் தூங்கும் பழக்கமுள்ள கோழிகளைக் கூட்டுக்குக் கொண்டுவருவது சிரமம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். காட்டுக்கோழியிலிருந்து வந்த இனம், மரம்தான் அதற்கு இயல்பு. ஆனால் மரநாய்க்கும் ஆந்தைக்கும் மரம்தான் வேட்டைக்களம். ஒரு வாரம் முழுவதும் புதுக் கூட்டிலேயே அடைத்து வைத்துத் தீவனம், தண்ணீர் கொடுத்துவிட்டு, அதன் பிறகு மாலைத் தீவனத்தைக் கூட்டுக்குள் மட்டும் வையுங்கள். பெரும்பாலானவை பழகிவிடும். அடம்பிடிக்கும் ஒன்றிரண்டை இருட்டியபின் கையால் எடுத்து வந்து கம்பில் உட்கார வையுங்கள்.

இதற்கெல்லாம் இணையாக நான் நினைப்பது எலி. கோழி வைத்திருக்கும் இடத்துக்குப் பாம்பு ஏன் வருகிறது என்று கேட்டால், முட்டைக்கும் குஞ்சுக்கும் முன் எலிக்காக வருகிறது. எலி ஏன் வருகிறது என்றால் சிந்திய தீவனத்துக்காக. இரவில் தீவனத் தட்டைக் கூட்டில் விடாதீர்கள், கோழி இருட்டில் தின்னாது, அது முழுக்க எலிக்கான விருந்து. மூட்டையை மூடியுள்ள தகர டின்னிலோ டிரம்மிலோ வையுங்கள், பிளாஸ்டிக் வாளியை எலி கடித்துத் திறக்கும். முட்டையை நாளுக்கு இருமுறை எடுங்கள். கூட்டைச் சுற்றி இரண்டு மூன்றடிக்குப் புல்லை வெட்டி, விறகையும் உடைந்த கூரை ஓடுகளையும் அப்புறப்படுத்துங்கள். மறைந்து வர இடமில்லாத வெட்டவெளியில் கால் வைக்க எலிக்கும் கீரிக்கும் தயக்கம் உண்டு. இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்த வீடுகளில் பாம்புத் தொல்லை தானாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு விஷயம், தோட்டத்தில் தளர்வான நைலான் வலையைத் தரையில் கிடக்க விடாதீர்கள். பாம்பு அதில் சிக்கி மெதுவாகச் சாகும், அவிழ்க்கப் போகும் உங்களுக்கும் ஆபத்து.

விஷம் வைக்கலாமா என்றால், வேண்டாம் என்பது என் உறுதியான பதில். விஷம் ஆள் பார்த்து வேலை செய்யாது. உங்கள் நாய், பக்கத்து வீட்டுப் பூனை, உங்கள் கோழி, எதுவும் தின்னலாம். எலி விஷங்களில் பரவலாக உள்ளவை ரத்தம் உறையாமல் செய்பவை. தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் தள்ளாடித் திரியும், அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தையின் உடலில் விஷம் சேரும். இரவெல்லாம் உங்களுக்காக எலி பிடிக்கும் ஆந்தையை நீங்களே கொன்றதாகிவிடும். பல நாடுகளில் மரநாய், கீரி, கழுகு இனங்கள், பாம்புகள் எல்லாம் சட்டப்பாதுகாப்பில் உள்ளவை, கொல்வதும் பிடித்து வேறிடத்தில் விடுவதும் குற்றம். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் அதில் பயனில்லை. ஒரு மரநாய் போனால் அந்த இடத்தை இன்னொன்று பிடிக்கும். ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும். மனிதரைக் கண்டு அஞ்சாமல், தள்ளாடியபடி பகலில் கூட்டருகே வரும் எந்த விலங்கையும் கையால் விரட்டப் போகாதீர்கள், வெறிநோயாக இருக்கலாம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மூன்றாவது கேள்வி, வெளியே விடுவது. விடுங்கள். மேய்ந்து திரியும் கோழியின் குணமே வேறு, புழுவும் புல்லும் தின்று, மண்ணில் புரண்டு குளித்து, பேன் தொல்லை குறைவாக இருக்கும். ஆனால் நேரமும் இடமும் நீங்கள் தீர்மானியுங்கள். காலை பத்து மணிவரை உள்ளேயே வைத்திருந்தால் பெரும்பாலான முட்டை கூட்டிலேயே விழுந்துவிடும், புதரில் கள்ளத்தனமாக முட்டையிட்டு அங்கேயே அடை உட்காரும் பழக்கம் வராது. அப்படிப் புதரில் அடை கிடக்கும் கோழி 21 நாளும் அசையாத இரை. அடையில் இருப்பதைக் கண்டுபிடித்தால் இருட்டிய பின் முட்டையோடு எடுத்துவந்து மூடிய இடத்தில் வையுங்கள்.

வானத்துக்கு மறைவுதான் மருந்து. கோழியின் மூதாதை காட்டின் அடியில் வாழ்ந்தது, வெட்டவெளியில் அல்ல. மேய்ச்சலிடத்தில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக அடர்ந்த செடியோ, நான்கு கால் நட்டுக் கீற்றோ பலகையோ வேய்ந்த தாழ்ந்த பந்தலோ இருந்தால், எச்சரிக்கைச் சத்தம் கேட்ட நொடியில் கோழி அதன் அடியில் போய்விடும். அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சேவலுக்கு இரண்டு வேறு எச்சரிக்கைகள் உண்டு. தரையில் நாயையோ பூனையையோ கண்டால் விட்டுவிட்டுத் தொடர்ந்து கொக்கரிக்கும். வானத்தில் பருந்தைக் கண்டால் மெலிதாக, நீட்டி ஒரு கிறீச்சிடல். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் கடினமான ஒலி அது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த பீட்டர் மார்லரும் கிறிஸ் எவன்ஸும் 1980களிலும் 1990களிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முதல் சத்தத்துக்குக் கோழி கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்க்கும், இரண்டாவது சத்தத்துக்குப் பதுங்கி மறைவுக்கு ஓடும். சேவல் தனியாக இருக்கும்போது பருந்தைக் கண்டால் பெரும்பாலும் சும்மா இருக்கும், பெட்டை அருகில் இருந்தால்தான் குரல் கொடுக்கும் என்பதும் அவர்கள் கண்டது. உங்களுக்குச் சேவல் இருக்கிறது, மறைவு மட்டும்தான் இல்லை.

பளபளக்கும் நாடா, குறுந்தகடு, பொம்மை ஆந்தை எல்லாம் சில நாளுக்கு வேலை செய்யும், பிறகு பருந்து அதன் மேலேயே வந்து உட்காரும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் நீடிக்கும். நிச்சயமான வழி மேலே வலை கட்டுவது. காவலுக்கு வேறு உயிர் வளர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். வாத்துக் கூட்டமும் கின்னிக்கோழியும் யாரைக் கண்டாலும் ஊரைக் கூட்டும், அது எச்சரிக்கை மட்டுமே, நரியை எதிர்த்து நிற்காது. சிறு வயதிலிருந்தே கோழிகளோடு வளர்ந்த நாய்தான் உண்மையான காவல். ஆனால் வளர்ந்த நாயைக் கொண்டுவந்து கோழிகளோடு விட்டுவிட்டு நம்புவது பெரிய தவறு.

கூட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கும் நாட்களுக்கு ஒரு கோழிக்குக் கூட்டில் நான்கு சதுர அடி, அதை ஒட்டிய வலையடித்த வெளியில் பத்துச் சதுர அடி இருந்தால் ஒன்றையொன்று கொத்தாது. முட்டையிடும் கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 முதல் 120 கிராம் தீவனம் தின்னும், சிறிய இனங்கள் இதைவிடக் குறைவாக. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தடுப்பூசி அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதன்படி போடுங்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் எந்த மரநாயும் செய்யாத சேதத்தை இரண்டு நாளில் செய்துவிடும்.

கடிபட்டு உயிரோடு இருக்கும் கோழி ஏதும் இருந்தால் இன்றே தனியாக எடுங்கள். ரத்தத்தைக் கண்டால் மற்றவை கொத்தியே கொன்றுவிடும். உப்புநீரில் காயத்தைக் கழுவி, ஈ நுழையாத இருட்டான, கதகதப்பான இடத்தில் வையுங்கள். வெயில் காலத்தில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். பூனைக் கடி என்றால் பார்க்கச் சின்னதாக இருந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

போன நான்குக்குப் பதில் புதுக் கோழி வாங்க அவசரப்படாதீர்கள். சரிசெய்த கூட்டில் இருப்பவற்றை இரண்டு வாரம் வைத்து, மணலில் தடம் வந்தாலும் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று உறுதியான பிறகு வாங்குங்கள். வந்தவற்றை ஒரு மாதம் தனியாக வைத்து நோய் இல்லை என்று பார்த்த பின் மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக அந்த மூன்று குஞ்சுகள். கோழிகளை மூடிவைக்கும் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து வைப்பது பகலில் காகத்துக்கும் பருந்துக்கும் போதும். அதன் இடைவெளி வழியாகப் பாம்பும் எலியும் வரும் என்பதால் இரவுக்கு அது கூடாது. தாயோடு சேர்த்து அரை அங்குல வலை அடித்த, அடியிலும் வலை உள்ள ஒரு பெட்டியில் வையுங்கள். தாய் இருப்பதால் சூடு பற்றிக் கவலை வேண்டாம். தாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால், முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். விளக்கைக் கயிற்றில் கட்டாமல் சங்கிலியில் தொங்கவிடுங்கள், விழுந்தால் தீப்பிடிக்கும். எட்டு வாரம் ஆகிக் காகம் தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்ததும் பெரியவற்றோடு வெளியே விடுங்கள். அதற்குள் பந்தலையும் மேல்வலையையும் கட்டி முடிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.